வீர இனம், கோழை இனம்

சென்னைப் படையின் சிப்பாய் போருக்கு லாயக்கற்றவன் என்று முடிவு கட்டியவர்களில் முக்கியமானவர் ஃபிரெடெரிக் ராபர்ட்ஸ். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கும், அதன்பின் 1893 வரை இந்தியப் படை முழுமைக்கும் அவர்தான் தலைமைத் தளபதி. தெற்கே வெயில் அதிகம், பல பத்தாண்டுகளாகப் பெரிய போர் எதுவும் நடக்கவில்லை, ஆகவே தமிழரும் தெலுங்கரும் தளர்ந்துபோய்விட்டார்கள், வடமேற்கு எல்லையில் இவர்களை நிறுத்த முடியாது என்பது அவருடைய வாதம். அவரும் அவருக்குப் பின்வந்தவர்களும் அந்த வாதத்தைக் கொள்கையாகவே ஆக்கினார்கள். சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் சில கலைக்கப்பட்டன. சில பழைய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பஞ்சாபியரால் நிரப்பப்பட்டன. 1758-இல் தொடங்கிய வரலாறு 1928-இல் கடைசிச் சென்னைக் காலாட்படை ரெஜிமென்ட்டும் கலைக்கப்பட்டதோடு முடிந்தது என்றே அன்று பலர் நினைத்திருப்பார்கள். இந்தியர்களை ‘போர்க்குணம் கொண்ட இனங்கள்’, ‘போர்க்குணம் இல்லாத இனங்கள்’ என்று இரண்டு பட்டியலாகப் பிரித்த இந்தக் கொள்கையைப் படைவரலாற்றோடு விட்டுவிட முடியாது. ஒரு மக்கள் கூட்டத்துக்குக் குணம் இன்னது என்று முத்திரை குத்தும்போது உள்ளே என்ன நடக்கிறது, அதில் ஆண், பெண் என்ற பேதம் எங்கே வந்து ஒட்டிக்கொள்கிறது என்பதைப் பார்க்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் பட்டியல் மாறிய விதத்தைப் பார்க்க வேண்டும். 1857-க்கு முன்பு கம்பெனி அதிகாரிகள் மெச்சிக்கொண்ட சிப்பாய் யார்? அவத், பீகார் பக்கத்துப் பிராமணரும் ராஜபுத்திரரும். நெடிய உருவம், நல்ல தோற்றம், கட்டுப்பாடு என்று அவர்களைத் தேடிப்பிடித்துச் சேர்த்தார்கள். வங்கப் படையின் முதுகெலும்பே அவர்கள்தான். 1857-இல் அந்தப் படை கிளர்ந்தெழுந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை ஆங்கிலேயரை எதிர்த்து இரண்டு போர்கள் நடத்திய சீக்கியரும், 1814 முதல் 1816 வரை அவர்களோடு மோதிய கூர்க்காக்களும் அப்போது ஆங்கிலேயர் பக்கம் நின்றார்கள். அடுத்த ஒரு தலைமுறைக்குள் சீக்கியரும் கூர்க்காவும் பிறவி வீரர்கள் ஆகிவிட்டார்கள். அவத் சிப்பாய் பட்டியலில் கீழே இறங்கிவிட்டார். அவருடைய உயரமும் உடற்கட்டும் இடையில் மாறிவிடவில்லை, அரசுக்கு அவர்மேல் இருந்த நம்பிக்கைதான் மாறியது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். விசுவாசத்துக்குக் கிடைத்த பரிசுதான் ‘வீர இனம்’ என்றால், 1857-இல் பெரும்பாலும் அமைதியாக இருந்த சென்னைப் படையை ஏன் ஒதுக்கினார்கள்? விசுவாசம் மட்டுமே காரணம் என்று சொல்பவர்களால் இதற்கு விடை சொல்ல முடியாது. விடை வரைபடத்தில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியில் ஆங்கிலேயரின் கவலையெல்லாம் ஆப்கானிஸ்தான் வழியாக ரஷ்யா வந்துவிடுமோ என்பதுதான். போர்முனை வடமேற்கில், ஆள் கிடைப்பதும் அதற்குப் பக்கத்திலேயே. தெற்கிலிருந்து படையை நகர்த்துவது செலவு, தெற்கில் படைக்கு வேலையும் இல்லை. நிர்வாகக் கணக்காகச் சொல்லியிருக்க வேண்டிய இந்த விஷயத்தை இரத்தத்தின் குணமாகச் சொன்னார்கள். இன்னொரு சான்றும் உண்டு. அதே சென்னை மாகாணத்து ஆட்களைக் கொண்டு அமைந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படையை யாரும் கலைக்கவில்லை. பாலம் கட்ட, பாதை போட, குண்டு விழும் இடத்தில் நின்று கண்ணிவெடி அகற்ற அவர்கள் வேண்டியிருந்தார்கள். ஒரே மாவட்டத்திலிருந்து வந்த இருவரில் துப்பாக்கி பிடிப்பவன் கோழை, மண்வெட்டியும் துப்பாக்கியும் சேர்த்துப் பிடிப்பவன் வீரன் என்றால், அந்த இனக் கொள்கைக்கு என்ன பொருள்?

சென்னைச் சிப்பாயைத் தளர்ந்தவன் என்றார்கள். வங்காளியை ஒரு படி மேலே போய்ப் பெண்தன்மை கொண்டவன் என்றார்கள். வாரன் ஹேஸ்டிங்ஸ் குறித்து மெக்காலே 1841-இல் எழுதிய கட்டுரையில் வங்காளியின் உடலைப் பற்றி வரும் வர்ணனை பின்னால் வந்த ஆங்கிலேய எழுத்துகள் பலவற்றுக்கு மூலம் ஆயிற்று. மென்மையானவன், சோம்பேறி, நேருக்கு நேர் நிற்காமல் தந்திரத்தை நம்புகிறவன் என்பது அதன் சாரம். ஆரம்பத்தில் வெறும் ஏளனமாக இருந்த இது, 1870-களுக்குப் பிறகு அரசியல் ஆயுதம் ஆனது. அப்போதுதான் ஆங்கிலம் படித்த வங்காளிகள் ஐ.சி.எஸ். தேர்வு எழுதி நீதிபதிகளாக வரத் தொடங்கியிருந்தார்கள். 1883-இல் வந்த இல்பர்ட் மசோதா, மாவட்டங்களில் இருக்கும் இந்திய நீதிபதிகள் ஐரோப்பியரையும் விசாரிக்கலாம் என்றது. தோட்ட முதலாளிகளும் கல்கத்தா வணிகர்களும் கொதித்தெழுந்தார்கள். ஆங்கிலப் பெண்மணியை ஒரு வங்காளி விசாரிப்பதா, தன் வீட்டுப் பெண்களைப் பூட்டிவைப்பவனுக்கு அந்தத் தகுதி உண்டா என்று கேட்டார்கள். 1884-இல் மசோதா நிறைவேறியபோது, குற்றம் சாட்டப்பட்ட ஐரோப்பியர் பாதிப்பேராவது வெள்ளையராக உள்ள ஜூரியைக் கேட்கலாம் என்ற விதி உள்ளே நுழைந்திருந்தது. இந்த விவகாரத்தை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் மிருணாளினி சின்கா, 1995-இல் வெளிவந்த தம் நூலில், ‘ஆண்மையுள்ள ஆங்கிலேயன்’ என்ற பிம்பமும் ‘பெண்தன்மை கொண்ட வங்காளி’ என்ற பிம்பமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன என்று விளக்குகிறார். ஒன்றைக் கவனியுங்கள். பெண்களைக் காப்பாற்றுகிறோம் என்ற பேரில் எழுந்த வாதம், ஓர் ஆணை இழிவுபடுத்த ‘பெண்’ என்பதையே வசையாகப் பயன்படுத்தியது. அந்த வசை வேலை செய்ய வேண்டுமானால், பெண் என்றால் தாழ்வு, ஆளத் தகுதியில்லாதவள் என்று பேசுபவர், கேட்பவர் இருவருமே முன்கூட்டி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இங்கிலாந்திலேயே அன்று பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை இல்லை.

முத்திரை குத்துவதோடு அரசு நிற்கவில்லை. முத்திரைக்கு ஏற்ற மனிதனை உருவாக்கவும் செய்தது. 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்கு உடனடிக் காரணம், நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடி மழிக்க வேண்டும், தோல் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற உத்தரவு. சமய அடையாளத்தை அழிக்கப்போய்க் கையைச் சுட்டுக்கொண்ட அதே படை, அந்த நூற்றாண்டின் இறுதியில் சீக்கியரிடம் நேர்மாறாக நடந்துகொண்டது. சீக்கிய ரெஜிமென்ட்டில் சேருகிறவர் கால்சா முறைப்படி தீட்சை பெற்றிருக்க வேண்டும், முடி வெட்டக் கூடாது என்று வெள்ளை அதிகாரிகளே கண்காணித்தார்கள். அன்றைய பஞ்சாபின் கிராமங்களில் சீக்கியர், இந்து என்ற கோடு பல குடும்பங்களில் அவ்வளவு அழுத்தமாக இருந்ததில்லை, ஒரே வீட்டில் இரண்டு வழக்கமும் இருந்தது. படைச் சம்பளம் அந்தக் கோட்டை அழுத்தமாக்கியது. ஒவ்வொரு ‘வகுப்புக்கும்’ தனித்தனிக் கையேடுகள் அச்சிட்டார்கள். பிங்லி என்ற அதிகாரி சீக்கியர், ராஜபுத்திரர், டோக்ரா, ஜாட் என்று வரிசையாக எழுதினார். எந்தக் குலத்தான் நல்லவன், எந்த மாவட்டத்தில் ஆள் எடுக்கலாம், எவனைத் தவிர்க்க வேண்டும் என்றெல்லாம், சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவனுக்குச் சொல்வதுபோல அவற்றில் எழுதியிருக்கும். ‘கூர்க்கா’ என்ற பெயரும் இப்படி ஒன்றுதான். மகர், குருங், ராய், லிம்பு என்று தனித்தனி மொழியும் வழிபாடும் கொண்ட மலைமக்கள் படைமுகாமுக்குள் வந்ததும் ஒரே இனமாகிவிட்டார்கள்.

சரி, சில சமூகங்களுக்குப் போர் மரபு என்று ஒன்று உண்மையிலேயே இல்லையா என்று வாசகர் கேட்கலாம். உண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய கிராமங்கள் பஞ்சாபிலும் உண்டு, கூர்க்கிலும் உண்டு, வேலூர் மாவட்டத்திலும் உண்டு. ஆனால் அந்த மரபு எதனால் வந்தது என்று கேட்டால் பதில் உடலுக்குள் கிடைக்காது. பஞ்சாபில் கால்வாய் வெட்டிப் பாசனம் வந்த புது நிலங்களில் ஓய்வுபெற்ற சிப்பாய்களுக்குப் பங்கு உண்டு. ஓய்வூதியம் பணமாக வீட்டுக்கு வரும். தாத்தா சுபேதார் என்றால் பேரனைச் சேர்ப்பது எளிது. 1914-இல் இந்தியப் படையில் ஏறத்தாழப் பாதிப்பேர் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் என்றால், எத்தனையோ பத்தாண்டுகளாக அங்கே வாசலை அகலமாகத் திறந்து வைத்திருந்ததன் விளைவு அது. வாசலைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் விடை உடனே வந்தது. முதல் உலகப்போரில் ஆள் போதாமல் போனதும், முன்பு லாயக்கில்லை என்று சொன்ன சமூகங்களிலிருந்தெல்லாம் எடுத்தார்கள். சென்னை மாகாணத்திலிருந்து மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போர்வீரர்களாகச் சேர்ந்தார்கள். போர் முடிந்ததும் வாசல் மறுபடி மூடியது. இரண்டாம் உலகப்போர் வந்ததும் திரும்பவும் திறந்தது, கலைத்த மெட்ராஸ் ரெஜிமென்ட்டும் திரும்ப வந்தது. தேவைக்கேற்பத் திறந்து மூடும் கதவை இயற்கை விதி என்று சொல்வதற்கு நிறையத் துணிச்சல் வேண்டும்.

இழிவான முத்திரை குத்தப்பட்டவர்கள் அதை எப்படி எதிர்கொண்டார்கள் என்பது இந்தக் கதையின் சிக்கலான பகுதி. வங்காளத்தில் உடற்பயிற்சிக் கழகங்கள் முளைத்தன. சிலம்பமும் வாள்வீச்சும் தேசப்பணி ஆயின. தாகூர் குடும்பத்தைச் சேர்ந்த சரளாதேவி சௌதுராணி, 1900-களின் தொடக்கத்தில் இளைஞர்களுக்காக வீரவிழாக்களையே நடத்தினார். 1917-இல் 49-ஆவது வங்காளி ரெஜிமென்ட் உருவானபோது, கோழைப் பட்டத்தைத் துடைக்கக் கிடைத்த வாய்ப்பாக அதைக் கொண்டாடினார்கள். பின்னாளில் கலகக் கவிஞர் என்று பெயர் பெற்ற காஜி நஸ்ருல் இஸ்லாம் அதில்தான் ஹவில்தாராகக் கராச்சியில் இருந்தார். அவர்களுடைய வேதனை புரிகிறது. ஆனாலும் அந்தப் பதிலில் ஓர் இடறல் இருக்கிறது. ‘நாங்கள் பெண்தன்மை கொண்டவர்கள் அல்லர்’ என்று நிரூபிக்கப் புறப்பட்டவர்கள், ஆங்கிலேயன் வைத்த அளவுகோலை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அந்த அளவுகோல் கைமாறிக்கொண்டே இருந்தது. பிரிவினைக்குப் பின் பாகிஸ்தான் படை அதை வாரிசுச் சொத்தாக வாங்கிக்கொண்டது. உயர் பதவிகளில் வங்காளிகள் அபூர்வம், வங்காளிக்குப் போர் வராது என்பது மேற்குப் பாகிஸ்தானில் பலருக்குச் சொல்லித் தெரிய வேண்டாத உண்மை. 1965 போரில் கிழக்கு வங்காள ரெஜிமென்ட் லாகூர்ப் பகுதியில் நின்று போரிட்டு விருதுகள் வாங்கிய பிறகும் அந்த எண்ணம் மாறவில்லை. 1971 டிசம்பர் 16-இல் டாக்காவில் கையெழுத்தான உடன்படிக்கையோடு பாகிஸ்தான் தரப்பில் சுமார் 93,000 பேர் சரணடைந்தார்கள். அதற்கு இந்தியப் படை முக்கியக் காரணம், உலக அரசியலும் காரணம். அதையெல்லாம் கழித்த பிறகும், ஒன்பது மாதம் கெரில்லாப் போர் நடத்திய வங்காளிகளின் முக்தி வாஹினியைப் பாகிஸ்தான் படை கணக்கில் கொள்ளாமல் போனதில் அந்தப் பழைய ஆங்கிலேயப் பட்டியலுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

இரண்டு முத்திரையையும் ஒரே சமயத்தில் சுமந்தவர்கள் மலேயாத் தோட்டங்களில் இருந்தார்கள். தமிழர், அதனால் போர்க்குணம் இல்லாதவர்கள். பெண்கள், அதனால் போருக்கே சம்பந்தமில்லாதவர்கள். போதாததற்குக் கூலிகள் வேறு. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் தம் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவுக்காகத் திறந்துவைத்த ஜான்சி ராணி படைமுகாமில் சேர்ந்தவர்களில் பெரும்பகுதி ரப்பர்த் தோட்டத் தமிழ்ப் பெண்கள். அதிகாலையில் பால்வெட்டப் போய்ப் பழகிய கைகள் துப்பாக்கியும் இயந்திரத் துப்பாக்கியும் பழகின. புடவை போய்க் காக்கிச் சட்டையும் கால்சட்டையும் வந்தன. பலர் கூந்தலை வெட்டிக்கொண்டார்கள். சென்னையில் மருத்துவம் படித்துச் சிங்கப்பூருக்குப் போன லட்சுமி சுவாமிநாதன்தான் தலைவி. மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டுமென்றால், அந்தப் படை போர்முனையில் நேரடியாக மோதவில்லை. பர்மா வரை போயிற்று, மருத்துவமனைகளில் பணியாற்றிற்று, 1945-இல் ரங்கூனிலிருந்து பின்வாங்கும் வழியில் தாக்குதலுக்கு ஆளாகி இருவரைப் பறிகொடுத்தது. அதனால் இவர்கள் வீரத்தை ‘நிரூபித்தார்கள்’ என்று சொல்ல நான் வரவில்லை, அந்த அளவுகோலுக்குள் மறுபடி போய் விழ விருப்பமில்லை. சில மாதப் பயிற்சியில் ஒரு தோட்டக் கூலிப்பெண் இராணுவச் சிப்பாயாக முடியும் என்பதே போதும், இரத்தத்தில் குணம் தேடிய கொள்கை அங்கேயே விழுந்துவிடுகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பின்னாளில் மலேசிய அரசியலில் இருந்த ஜானகி ஆதிநாகப்பன், ஆசிரியைகளுக்குச் சம ஊதியம் கேட்டுப் போராடிய ராசம்மா பூபாலன் போன்ற வசதியான குடும்பத்துப் பெண்களின் பெயர்தான் நமக்குத் தெரியும். தோட்ட லயத்திலிருந்து போனவர்கள் பெரும்பாலும் புகைப்படத்தில் வரிசையாக நிற்கும் முகங்களாகவே தங்கிவிட்டார்கள்.

நல்ல முத்திரையால் என்ன கெடுதல், வீரன் என்று சொன்னால் பெருமைதானே என்பது அடுத்த மறுப்பு. கூர்க்காவைப் பாருங்கள். அவனை ஆங்கிலேயர் புகழாத நாளில்லை. அஞ்சாதவன், விசுவாசி, கள்ளமில்லாதவன். கள்ளமில்லாதவன் என்பதற்கு அடுத்து, சொந்தமாக யோசிக்கத் தெரியாதவன், வெள்ளை அதிகாரி கூடவே வேண்டும் என்பது தானாக வந்துவிடும். விடுதலைவரை கூர்க்காப் படைகளின் தலைமை ஆங்கிலேயரிடமே இருந்தது. 1947-க்குப் பின் பிரிட்டனுக்குச் சேவை செய்த கூர்க்காக்களுக்கு ஓய்வூதியம் பிரிட்டிஷ் சிப்பாய்க்குக் கிடைத்ததைவிடக் குறைவு. அந்த நாட்டில் குடியேறும் உரிமையைப் பழைய வீரர்கள் பெற 2009 வரை போராட வேண்டியிருந்தது. பெண்ணைப் பொறுமைசாலி, தியாகி, தெய்வம் என்று புகழும் புகழ்ச்சியும் இதே குலம்தான். புகழ்கிற வாயே சம்பளம், பதவி என்று வரும்போது அந்தப் புகழையே காரணமாகக் காட்டும். தமிழ்நாட்டில் நம் அனுபவமும் வேறில்லை. மக்களுக்குப் பிறவிக்குணம் உண்டு என்று நம்பிய அதே அரசுதான் 1871-இல் குற்றப்பரம்பரைச் சட்டத்தையும் கொண்டுவந்தது. மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர் மேல் அது பாய்ந்ததும், கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-இல் துப்பாக்கிச் சூடு நடந்ததும், அதில் மாயக்காள் என்ற பெண்ணும் இறந்ததும் மறக்கக்கூடியவையா? பிறப்பிலேயே வீரன் இருக்க முடியும் என்று ஒப்புக்கொண்டால், பிறப்பிலேயே திருடன் இருக்க முடியும் என்பதையும் ஒப்புக்கொள்ள நேரும். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. இன்று ‘ஆண்ட பரம்பரை’, ‘போர்க்குடி’ என்று சுவரொட்டி அடிக்கிறவர்கள் இதில் ஒன்றை மட்டும் தனியாகப் பிய்த்தெடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள்.

அப்படியானால் எல்லா வகைப்பெயரையும் ஒழித்துவிடலாமா, பட்டியல் சாதி, பழங்குடி, பெண், திருநங்கை என்ற வகைகள் இல்லாமல் சமூகநீதி எப்படி வரும் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. இந்தக் கேள்வியைத்தான் நான் மிகவும் கனமானதாகக் கருதுகிறேன். பட்டியல் சாதி என்ற வகை, அந்த மக்களுக்குச் சமூகம் என்ன செய்தது என்பதைப் பதிவு செய்கிறது. அவர்களுடைய குணம் என்ன என்று சொல்வதில்லை. அநீதி குறைந்ததா, கூடியதா என்று அளந்து பார்க்க அந்த வகை உதவும், நாளை அநீதி ஒழிந்தால் வகையும் தேவையற்றுப் போகலாம். ‘போர்க்குண இனம்’ என்பது உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்கிறது, அதை எந்தச் சான்றாலும் அசைக்க முடியாது. கோழை இனத்தான் தைரியமாக நின்றால் அவன் விதிவிலக்கு, வீர இனத்தான் ஓடினால் அவன் கலப்படம். எந்த வகைப்பெயரைக் கண்டாலும் இது நடந்ததைச் சொல்கிறதா, இயல்பைச் சொல்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. நடைமுறையில் ஒன்று மற்றொன்றாக உருமாறுவதும் உண்டு. இடஒதுக்கீட்டுக்காக இருக்கும் பெயரை ஒரு மாணவனின் அறிவுக்கு அளவுகோலாக வகுப்பறையில் பயன்படுத்துகிறார்கள் அல்லவா, அதுதான் அந்த உருமாற்றம்.

இந்தியப் படை அந்தப் பட்டியலிலிருந்து முழுமையாக வெளியேறிவிடவில்லை. சீக்கிய, ஜாட், ராஜபுத், டோக்ரா, கூர்க்கா ரெஜிமென்ட்டுகள் பெயரோடு தொடர்கின்றன. எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று 2022-இல் ஆஹிர் சமூகத்தினர் குருகிராமில் உட்கார்ந்து போராடினார்கள். அவர்களுடைய மனக்குறை பொய்யில்லை, கேட்ட பரிகாரம்தான் பழைய பட்டியலில் இன்னொரு வரி. பெண் அதிகாரிகள் கேட்டது வேறு வகை. பெண்களுக்கென்று தனி ரெஜிமென்ட் அவர்கள் கேட்கவில்லை, தங்களையும் ஆளுக்கு ஆள் மதிப்பிடுங்கள் என்றார்கள். நிரந்தரப் பணி கேட்டு அவர்கள் நடத்திய பபிதா பூனியா வழக்கில் 2020 பிப்ரவரி 17-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளிக்கும் முன், மத்திய அரசு வைத்த குறிப்பில் உடலமைப்பு, பேறுகாலம், குடும்பப் பொறுப்பு எல்லாம் இருந்தன. கூடவே, கிராமத்திலிருந்து வரும் ஆண் சிப்பாய்கள் பெண்ணின் கட்டளையை ஏற்கும் மனப்பக்குவம் பெறவில்லை என்ற வாதமும் இருந்தது. ஒரே குறிப்பில் பெண்ணுக்கு ஒரு முத்திரை, கிராமத்து ஆணுக்கு இன்னொன்று! நீதிமன்றம் இவற்றைப் பாலினம் பற்றிய பழைய வார்ப்புகள் என்று சொல்லித் தள்ளி, நிரந்தரப் பணி வழங்கச் சொன்னது. அதோடு முடியவில்லை. நிரந்தரப் பணிக்கான தேர்வில், ஆண்களுக்கு இருபதுகளின் பின்பகுதியில் பார்க்கும் உடல்தகுதியை நாற்பதைக் கடந்த பெண்களிடம் எதிர்பார்த்தார்கள். அவர்கள் மறுபடி வழக்குப் போட்டார்கள். 2021 மார்ச் 25-இல் வந்த நிதிஷா தீர்ப்பு அதை மறைமுகப் பாகுபாடு என்றது. அந்தத் தீர்ப்பில் இன்னொரு விவரம் வருகிறது. இந்தப் பெண்களுக்கு ஆண்டுதோறும் எழுதப்பட்ட ரகசிய மதிப்பீட்டு அறிக்கைகளை மேலதிகாரிகள் அக்கறையில்லாமல் நிரப்பியிருந்தார்கள். எப்படியும் இவர்கள் நிரந்தரப் பணிக்குப் போகப்போவதில்லை என்ற எண்ணத்தில் எழுதியவை அவை. பின்னர் அந்த அறிக்கைகளைத்தான் அவர்களுடைய தகுதிக்குச் சான்றாகத் தேர்வுக்குழுவின் மேசையில் வைத்தார்கள்.